‘ம்’ கொட்டும் லைப்ரரி

“அப்புறம் அவ என்னைப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சா பாரு,” என்றாள் அக்கா.

“ம்,” என்றான் தம்பி.

“நானா விடுவேன்? எனக்கு மட்டும் பல்லு இல்லையா?”

“ம்.”

இவ்வளவு பொறுமையாகக் கேட்ட தம்பி, அந்த நேரம் தன் அலுவலக ஜன்னலோரம் நின்று வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தான். கீழே தெருவில் ஒரு நாய் தன் நிழலைச் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்தபடி கனவில் இருந்தான். ‘ம்’ கொட்டியது அவனுடைய கணினி.

எல்லாம் அம்மாவின் தீர்ப்பு. பழைய சோபா யாருக்கு என்று அக்காவும் தம்பியும் சண்டை போட்டு, முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தியிருந்தார்கள். தினமும் மதிய இடைவேளையில் அக்கா கூப்பிட்டுப் பேச வேண்டும், தம்பி கேட்க வேண்டும், இல்லையென்றால் இருவருக்கும் சோபா கிடையாது என்று அம்மா சொல்லிவிட்டாள். அக்காவுக்கும் வேறோர் அலுவலகத்தில் கணினி வேலைதான். கணினியிலிருந்தே கூப்பிடுவாள்.

தம்பி இரண்டு வருடமாக உயிரைக் கொடுத்து வடிவமைத்தது ஒரு மென்பொருள் லைப்ரரி, அதாவது மற்றவர்களும் எடுத்துத் தங்கள் கணினியில் சேர்த்துக்கொள்ளும் ஒரு நிரல். தூரத்தில் இருக்கும் கணினியை, அடுத்த அறையில் இருப்பவரைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டு வேலை வாங்கலாம். பதில் மொத்தமாகச் சேரும்வரை காத்திருக்க வேண்டாம், குழாயைத் திறந்துவிட்டதுபோல வந்துகொண்டே இருக்கும்.

கேட்கிற பக்கம் அவ்வப்போது ‘ம்’ கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால், ஆள் போய்விட்டான் என்று சொல்கிற பக்கம் இணைப்பைத் துண்டித்துவிடும். அந்த ‘ம்’மைத் தம்பி தன் குரலிலேயே பதிந்து லைப்ரரியோடு சேர்த்திருந்தான். யோசனையைத் தந்ததே அக்காதான், அவளுக்குத் தெரியாமல்.

கதவைத் திறந்துகொண்டு மேலாளர் உள்ளே வந்தார்.

“யாருப்பா அந்தம்மா?”

“எங்க அக்கா சார்.”

“நீ இங்க நிக்கற. அங்க ம், ம்ங்கறது யாரு?”

“நம்ம லைப்ரரி சார்,” என்றான் தம்பி, பழத்தை விழுங்கிவிட்டு.

மேலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “சரி. யார் வேணா எடுத்துக்கலாம்னு வெளியில வெச்சீங்களே, எத்தனை பேர் எடுத்திருக்காங்க?”

தம்பி பக்கத்து மேசையைப் பார்த்தான். அங்கே அவனுடைய ஒரே சகா, எல்லாரும் சோடாபுட்டி என்று கூப்பிடுகிற ஆள், கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான்.

“ஒருத்தர் சார்,” என்றான் சோடாபுட்டி. “மௌனவிரதம்னு பேர் வெச்சிருக்கார். நிஜப் பேர் தெரியல. ஒரு புகார்கூட எழுதியிருக்கார்.”

“என்னன்னு?”

“‘ம்’ எல்லாம் ஒரே மாதிரி இருக்காம். மனுஷன்னா நடுவுல ‘அப்படியா’ன்னு கேப்பானாம்.”

மேலாளர் பெருமூச்சு விட்டார். “இதப் பாருங்க. அந்த ஒருத்தராவது இதை நிஜமா உபயோகிக்கறார்னு இன்னிக்கே காட்டுங்க. இல்லேன்னா கடையைச் சாத்திட்டு ரெண்டு பேரும் வாசல் கவுண்டருக்குப் போயிடுங்க. அடையாள அட்டையை மறந்துட்டு வர்றவங்களுக்கு அட்டை குடுக்க ஆள் இல்லையாம்.”

தம்பியின் முகம் உரித்துப்போட்ட பழத்தோல்போல் ஆகிவிட்டது.

“இது என்ன சிவப்புப் பொத்தான்?” என்றார் மேலாளர், திரையைக் காட்டி.

“‘கொஞ்சம் இரு’ன்னு சொல்றது சார். கேக்கறவனுக்கு மூச்சு முட்டினா சொல்றவங்களை நிறுத்தி வெக்கும்.”

“எங்க, அழுத்து.”

“இப்ப அழுத்திப் பிரயோஜனம் இல்ல சார். அந்தப் பக்கமும் நம்ம லைப்ரரி ஓடினாத்தான் கட்டுப்படும். அங்க இருக்கறது எங்க அக்கா. அத்தானே கல்யாணம் ஆன நாள்லேருந்து முயற்சி பண்ணிக்கிட்டிருக்கார்.”

“அட, அழுத்தித்தான் பாப்போமே,” என்று மேலாளரே அழுத்தினார்.

“அவளப் பத்தித்தான் தெரியுமே, வாயைத் தொறந்தா மூட—” கணினியில் அக்காவின் குரல் பாதியிலேயே நின்றது.

அறை, பனி விழுந்த ஊர்போல அடங்கியது. ஏசியிலிருந்து ஒரு சொட்டு தண்ணீர் விழுந்தது கேட்டது.

“அக்கா?” என்றான் தம்பி. “கோவமா?”

மறுபடி பொத்தானை அழுத்தினான்.

“—வே மாட்டா. அதுக்கு நான் என்ன சொன்னேன்னு கே—”

அழுத்தினான். அமைதி. அழுத்தினான்.

“—ளு.”

“சொன்ன பேச்சு கேக்கறாங்களேப்பா,” என்றார் மேலாளர். “ரொம்ப அடக்கமானவங்களா இருக்காங்க. நீ என்னமோ சொன்ன.”

சோடாபுட்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, திரையையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தான்.

அப்போது தம்பியின் கைபேசி அதிர்ந்தது. அக்காவின் எண். கணினியில் அக்கா இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். பதற்றத்தில் அவன் விரல் ஒலிபெருக்கியைத் தொட்டுவிட, அறை முழுக்கக் கேட்கும்படி ஒரு நீண்ட கொட்டாவி வந்தது. அதன் பின்னால், தூக்கம் கலையாத அக்காவின் குரல்.

“டேய், மௌனவிரதம் பேசறேன். எதுக்கு என்னை நிறுத்தின?”