நாற்பத்தாறாவது

நாற்பத்தைந்து குரோமோசோம்கள் செல்லின் நடுவே ஒழுங்காக வரிசைகட்டி நின்றுவிட்டன. நாற்பத்தாறாவது மட்டும் ஒரு மூலையில் தேமே என்று கிடந்தது.

ஆய்வாளர் கண்கொட்டாமல் நுண்ணோக்கித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் குடித்த காபியோடு சரி.

அந்த ஒன்றையும் செல்லின் ஓரத்திலிருந்து நீளும் இழை வந்து பிடிக்கும்வரை செல் பிரியக் கூடாது. அதுவரை தடுத்து வைக்க, சில புரதங்களின் மேல் பாஸ்பேட் என்கிற சின்னஞ்சிறு ஒட்டு ஏறிக்கொள்ளும். அந்த ஒட்டு முந்திக் கழன்றால் போச்சு. பிறக்கிற இரண்டு செல்லும் உருப்படாது.

இதைக் கண்கூடாகக் காட்டத்தான் மூன்று வருடமாக அவள் இந்த இருட்டறையில் குடியிருந்தாள். ஒட்டு இருக்கும் இடம் திரையில் பச்சையாக மினுங்கியது. இதுவரை கழலவில்லை.

போன் அடித்தது. அண்ணன்.

அப்பாவின் வீட்டைப் பாகம் பிரிக்கும் பத்திரத்தில் இன்று கையெழுத்து. வக்கீல் அறையில் அண்ணனும் அண்ணியும் அவளுக்காகத்தான் காத்திருந்தார்கள்.

கையில் ரப்பர் உறை. முழங்கையால் ஸ்பீக்கரை அழுத்தி, "ஒரே நிமிஷம்ண்ணா" என்றாள். கண் திரையை விட்டு நகரவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து ஆய்வகத்துக்காரர் கதவைத் திறந்து கழுத்தை நீட்டினார். நுண்ணோக்கியில் அடுத்த முறை அவருடையது. கையில் செல் வளர்த்த தட்டு, முகத்தில் கடுகடுப்பு.

"இன்னுமா பிரிக்கலை?"

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

"ஒண்ணு இன்னும் வந்து சேரலையே! அதை அம்போன்னு விட்டுட்டுப் பிரிச்சா உருப்படுமா? வம்சமே நாசமாப் போயிடும்!"

தட்டுக்காரர் கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போனார்.

திரையில் ஒரு இழை நீண்டது. தடவியது. தவறியது. மறுபடி நீண்டு, மூலையில் கிடந்ததைக் கப்பென்று பிடித்தது. நாற்பத்தாறாவது தள்ளாடித் தள்ளாடி வரிசைக்கு வந்து சேர்ந்தது. பச்சை மங்கியது. செல் வெண்ணெய் மாதிரி இரண்டாகப் பிரிந்தது.

அவள் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள். அப்புறம்தான் போன் ஞாபகம் வந்தது.

"அண்ணா, இருக்கீங்களா?"

ஸ்பீக்கரில், அண்ணனிடம் அவள் இதுவரை கேட்டிராத ஒரு சின்னக் குரல்.

"தம்பிக்குச் சொல்லாமப் பத்திரம் எழுதினது உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

தம்பியே தனக்கு எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகத்தான் அண்ணன் இத்தனை நாளும் சொல்லியிருந்தார். அவளும் நம்பியிருந்தாள்.

"சரி சரி, சாபம் விடாதே. அவன் பேரையும் சேர்க்கச் சொல்றேன். அவன் வந்தப்புறமே கையெழுத்துப் போடலாம்."

அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். தொண்டையைச் செருமிக் குரலைக் கடுமையாக்கிக்கொண்டாள்.

"அப்படி வாங்க வழிக்கு."