தங்கதுரை சார் எடுத்த சீட்டு

“நாற்பது!” என்று தனுஷா டீச்சர் கேட்டதும் ஸ்டாஃப் ரூமே நிமிர்ந்து உட்கார்ந்தது.

மலைமேல் இருக்கும் அந்தப் பள்ளியில், சம்பளம் ஏறின மறுநாள் சீட்டு ஏலம். இருபது பேர், ஆளுக்குப் பத்தாயிரம், மொத்தம் ரெண்டு லட்சம். அதில் யார் அதிக ஆயிரங்களைத் தள்ளி, அதாவது விட்டுக்கொடுத்துக் கேட்கிறார்களோ அவர்களுக்குச் சீட்டு. தள்ளின பணம் எல்லாருக்கும் பங்கு.

தனுஷா இன்றைக்குச் சீட்டை எடுத்தே ஆகணும். சின்னசேலத்தில் புதிதாக வந்திருக்கும் கடுக்காய் ஏற்றுமதிக் கம்பெனியில் ஒன்றரை லட்சம் கட்டினால் மாதம் பதினைந்தாயிரம். இன்று சாயங்காலம்தான் கடைசி. மலை முழுக்கக் கடுக்காய் கொட்டிக் கிடக்கிறதே, இதில் என்ன பொய் இருக்கும்? கம்பெனி முதலாளி கையெழுத்துப் போட்டுக் கொடுத்த விண்ணப்பத்தைக் காலையிலிருந்து எல்லாரிடமும் காட்டிவிட்டாள். தங்கதுரை சார் மட்டும் வாங்கி ரெண்டு தரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அவர்தான் இப்போது “நாற்பத்தஞ்சு” என்றார்.

அவரா! அவசரமில்லாமல் சீட்டைத் தள்ளி எடுக்காதீர்கள் என்று கள்ளக்குறிச்சியில் மாவட்டத்து வாத்தியார்களுக்கெல்லாம் சேமிப்புப் பாடம் நடத்துகிறவர் ஆயிற்றே!

தனுஷா மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஐம்பதுக்கு மேல் தள்ளினால் கம்பெனிக்குக் கட்டப் பணம் போதாது.

“ஐம்பது.”

“அறுபது” என்றார் அவர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே.

சீட்டு நடத்தும் செந்தமிழ்ச்செல்வி டீச்சர் மூணுதரம் மேஜையைத் தட்டினார். தலைக்கு மூவாயிரம் லாபம்! அறையே கலகலத்தது. கணக்கு வாத்தியாருக்கே கணக்குத் தெரியவில்லை என்று கேலி வேறு.

தனுஷாவுக்கு மட்டும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வராந்தாவில் அவரை மறித்தாள்.

“ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கறீங்க. உங்களுக்கு அப்படி இன்னா சார் அவசரம்?”

அவர் பையிலிருந்து மடித்த ரசீது ஒன்றை எடுத்து நீட்டினார். போன வருஷத் தேதி. சேலம் விலாசம். மஞ்சள் ஏற்றுமதிக் கம்பெனி, நாலு லட்சம். கீழே முதலாளியின் வால் நீண்ட கையெழுத்து.

தனுஷா தன் விண்ணப்பத்தைப் பிரித்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதே கையெழுத்து. அதே வால்.

“மூணே மாசம். பூட்டிக்கினு ஓடிட்டான் டீச்சர்.”

அவளுக்குத் தப்பித்தோம் என்ற சந்தோஷத்தில் சிரிப்பு வந்தது.

“காலையிலேயே இதச் சொல்லியிருந்தா நானே நிறுத்தியிருப்பேனே சார். எதுக்கு அறுபதாயிரத்த விட்டீங்க?”

தங்கதுரை சார் ஸ்டாஃப் ரூம் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“வர்ற சனிக்கிழம கள்ளக்குறிச்சியில ட்ரெய்னிங், டீச்சர். பணத்துல ஏமாறாம இருக்கறது எப்படின்னு நான்தான் பேசணும்.”