தொண்டை கட்டிய டிவி

நம்பாதவர்கள் எங்கள் தெருவுக்கு வந்து அந்த டிவியையே கேட்டுக்கொள்ளலாம்.

அது அம்சவேணி வீட்டு டிவி. பக்கத்து வீட்டுப் பரஞ்சோதி தன் மனைவி திலகாவை அடிக்கும்போதெல்லாம், அம்சவேணி டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவாள்.

"சீரியல் மருமகளுக்கு அறை விழுந்தா இந்தம்மா அழறாங்க. பக்கத்து வீட்டுல விழுந்தா என்னைக் கத்தவிடுறாங்க. இனி நம்மால ஆகாதுடா" என்றது டிவி, ரிமோட்டிடம்.

அன்றும் திலகா அலறினாள். அம்சவேணி ரிமோட்டை அழுத்து அழுத்தென்று அழுத்தினாள். டிவி வாயே திறக்கவில்லை. அலறல் மட்டும் வீடெல்லாம் கேட்டது.

அம்சவேணி எழுந்து ஓடினாள். "டேய் பரஞ்சோதி, கதவைத் திறடா!" அவள் தட்டிய தட்டில் தெருவே திரண்டது.

பரஞ்சோதியைப் போலீஸ் ஜீப் ஏற்றிப் போனபின், திலகா அம்சவேணி வீட்டில் காபி குடித்தாள். டிவி கணீரென்று பாடியது.

"தொண்டை சரியாயிடுச்சா அண்ணே?" என்றது ரிமோட்.

"அதுக்கென்னடா? எப்பவும் நல்லாத்தானே இருந்துச்சு!"