பாப்பம்மாவின் மீன் பை

பாப்பம்மா அடுப்படிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். முப்பது வருஷத்து ரகசியமாயிற்றே, கண்டவர் கண்ணில் படலாமா என்று கூடத்தில் இருந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அப்படித்தான் நினைக்க வேண்டுமென்று அவளும் தாழ்ப்பாளைக் கொஞ்சம் சத்தமாகவே போட்டாள்.

உள்ளே வந்ததும் முந்தானையில் மறைத்திருந்த போனை எடுத்து, சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தாள்.

விஷயம் இதுதான். பாப்பம்மாவுக்கு மீன் பை என்கிற அந்த வெள்ளைக்காரப் பலகாரம் செய்யத் தெரியாது. மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்க வட்டாரமே அவள் கைமணம் என்று சப்புக்கொட்டிய அந்தப் பையைச் செய்ததெல்லாம் அவள் புருஷன் கோபால்.

கோபாலின் அப்பா வெள்ளைக்கார இன்ஜினியர் பங்களாவில் சமையல்காரர். வெண்ணெய் போட்டுப் பிசைந்த மைதாவைத் தட்டில் விரித்து, மீனும் உருளைக்கிழங்கும் மிளகும் அடைத்து, மேலே இன்னொரு மாவுப் போர்வை போர்த்திச் சுடும் வித்தையை அவர் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

கோபால் வேர்த்து விறுவிறுத்துச் செய்து முடிப்பான். பாப்பம்மா முகம் கழுவி, பூ வைத்துக்கொண்டு, தட்டைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வருவாள். பேரெல்லாம் அவளுக்கு.

அவன் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவர் இல்லாமல் எனக்கெதுக்கு மீன் பை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே இத்தனை நாள் ஓட்டிவிட்டாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் இன்னும் பத்து வருஷம் ஓட்டியிருக்கலாம்.

மருமகள் மம்தா இந்த வீட்டுக்கு வந்து நாலு வருஷம். அவள் எது செய்தாலும் பாப்பம்மாவுக்குக் குற்றம்தான். சாம்பார் தண்ணி, சோறு குழைவு, போதாததற்கு சாயங்காலம் சீரியல் நேரத்தில் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு மணிக்கணக்காக எதையாவது உருட்டிக்கொண்டிருப்பது.

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி சின்னசாமி வந்திருந்தபோது, ஏழு ஜென்மம் எடுத்தாலும் மம்தாவுக்கு மீன் பை வராது என்று பாப்பம்மா எடுத்துவிட்டாள். அடுத்த வாரம் நானும் செய்கிறேன், நீங்களும் செய்யுங்கள் அத்தை, மாமா தின்று பார்த்துச் சொல்லட்டும் என்று மம்தா சாதுவாகச் சொன்னாள். தோற்றவள் இனி அடுப்படியில் வாயே திறக்கக் கூடாது என்று பாப்பம்மா ஆத்திரத்தில் பந்தயம் வேறு கட்டிவிட்டாள்.

அடுப்படியில் வாய் திறக்காமல் இருப்பதற்குப் பதில் அவள் மூச்சுவிடாமல்கூட இருந்துவிடுவாள். வாரம் முழுக்கப் பயத்தில் தூக்கம் இல்லை.

இன்று காலையில்தான் யூடியூபில் ஒரு சேனல் அகப்பட்டது. பெயர் 'சத்தமில்லா சமையல்'. முகம் கிடையாது, பேச்சு கிடையாது. நீலக் கையுறை போட்ட இரண்டு கைகளும், அளவுகளைச் சொல்லும் எழுத்தும், பின்னால் மெல்லிய புல்லாங்குழலும்தான்.

அச்சு அசல் கோபால் செய்கிற மாதிரியே செய்தாள் அந்த மகராசி. பாப்பம்மா நிறுத்தி நிறுத்திப் பார்த்து, அவள் கிள்ளினால் கிள்ளி, அள்ளினால் அள்ளிப் போட்டாள். தட்டுகூட நம் வீட்டுத் தட்டு சைஸ்தான், அளவு பிசகாது என்று அவளுக்கு ஒரே சந்தோஷம்.

கடைசியில் மேல்மாவைக் கத்தியால் கீறி ஓவனுக்குள் தள்ளும் இடம் வந்தது. வீடியோவில் இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. அதைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று அங்கேயே நிறுத்திவிட்டாள்.

மம்தா காலையிலேயே தன்னுடையதைச் சுட்டு மூடி வைத்திருந்தாள். சுரங்கத்தில் ஆட்களை இறக்கி ஏற்றும் கேஜ் ஓட்டி ரிட்டயரான சின்னசாமி இரண்டையும் தின்றார். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் தின்றார். பிறகு அக்காவைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"இன்னாக்கா இது, ரெண்டும் ஒரே கை செஞ்சா மாதிரி கீது."

 இந்தச் சிறுக்கியும் அதே வீடியோவைத்தான் பார்த்திருக்கிறாள் என்று பாப்பம்மாவுக்கு உடனே பிடிபட்டது. ஆனால் அதை வெளியே சொல்ல முடியுமா? வேறு பக்கமாகப் பாய்ந்தாள்.

"கட்டிக்கினு வந்த நாள்லேந்து எட்டி எட்டிப் பாத்து என் பக்குவத்த திருடிக்கினா. எங்க கத்துக்கினன்னு அவளையே கேளு."

மம்தா உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். வாரம் பூராவும் பெங்களூர் ரயிலில் நசுங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை இவர்கள் நடுவில் நசுங்கும் மகன் பவன், தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் அடுப்படிக்குள் நழுவினான்.

திரும்பி வரும்போது அவன் கையில் சொம்போடு அம்மாவின் போனும் இருந்தது. ஒட்டியிருந்த மாவைச் சட்டையில் துடைத்தபடியே, என்ன இது என்று திரையை ஒரு அழுத்து அழுத்தினான். பிடுங்கலாம் என்று பாப்பம்மா எழுவதற்குள் நீலக் கைகள் ஓவன் கதவைச் சாத்தின.

புல்லாங்குழல் ஓய்ந்தது. கூடத்தில் பாப்பம்மா வாயடைத்து நிற்க, போனுக்குள்ளிருந்து பாப்பம்மாவின் குரல் கணீரென்று கேட்டது.

"மம்தா, ஒரு மீனு ஆயக்கூடத் துப்பில்லாதவளுக்கு அடுப்பாண்ட இன்னாடி இவ்ளோ நேரம் வேல?"