பூ தூவ ஒரு ஆள்

“கையெழுத்துப் போட முடியுமா, முடியாதா?”

சபாபதி போட்ட சத்தத்தில் சுபாங் விமானக் கொட்டகையே அதிர்ந்தது. கிள்ளானில் லோரிக் கம்பெனி முதலாளி, முருகன் கோயில் தலைவர். சத்தம் போட்டுத்தான் பழக்கம்.

“முடியாது,” என்றார் இன்ஜினியர் சண்முகரத்தினம்.

சபாபதியின் நாலு சீட் விமானத்துக்கு வயதாகிவிட்டது. அதே ரகத்தில் வேறெங்கோ ஒன்றின் இறக்கையில் விரிசல் கண்டிருந்தது. இறக்கையைத் தாங்கும் உத்தரத்தைத் திறந்து பார்த்து, தகடு வைத்துப் பலப்படுத்தும்வரை ஒன்றும் பறக்கக் கூடாது என்று தயாரித்த கம்பெனியே உத்தரவு அனுப்பியிருந்தது. இன்ஜினியர் கையெழுத்தில்லாமல் விமானம் கிளம்ப முடியாது. தகடு அமெரிக்காவிலிருந்து வர இரண்டு மாதமாவது ஆகும். கும்பாபிஷேகமோ வருகிற ஞாயிறு. வானத்திலிருந்து கோபுரத்தின் மேல் பூ தூவப்போவதாகச் சபாபதி ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்.

“நேத்து வரைக்கும் பறந்துச்சு. இன்னைக்கு மட்டும் ஒடைஞ்சு விழுந்துருமா?”

“நம்ம கோயில்ல திருப்பணி முடியிற வரைக்கும் சாமியையே பாலாலயத்துல வச்சிருக்கீங்க. ரிப்பேர் முடியட்டும்னு சாமியே வெளியில காத்திருக்கார். பிளேன் காத்திருக்கக் கூடாதா?”

“சாமி வேற, பிளேன் வேற லா! முருகனுக்குப் பூ கொண்டு போற பிளேனை முருகனே விழ விடுவானா? என்ன ஜெயராஜு, நீ பறப்பேல்ல?”

பைலட் ஜெயராஜ் இறக்கையை ஒருமுறை பார்த்தான். செந்தூல் வீட்டில் கைக்குழந்தை. ஆனால் கேட்பவர் சம்பளம் தருகிறவர்.

“பறக்கலாம் பாஸ்,” என்றது வாய்.

“கேட்டீங்களா? ஓட்டுறவனுக்கே பயமில்ல. பூ தூவ எவனாச்சும் லோரி கிளீனரை ஏத்திவிட்டா வேலை முடிஞ்சது. நீங்க போடாட்டி, செராஸ்ல ஒரு இன்ஜினியர் கண்ணை மூடிக்கிட்டுப் போட்டுக் குடுப்பான்!”

சண்முகரத்தினம் ஜெயராஜை ஒரு பார்வை பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

புதன்கிழமை சபாபதி அவனைத் தம் வீட்டுக்குச் சாப்பிட அழைத்திருந்தார். செராஸ் ஆள் மறுநாள் காலையில் கையெழுத்துப் போட வருவதாக ஏற்பாடு. ஜெயராஜ் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

சபாபதியின் மகள் லெட்சுமி வாசலிலிருந்தே கத்திக்கொண்டு ஓடி வந்தாள்.

“அப்பா! சண்டே பூ தூவப் போறது நான்தான்! பொம்பளப் பிள்ளை தூவணுமாம், தலைவர் மகளா இருந்தா இன்னும் விசேஷமாம். கோயில் மாதர் குழுவில முடிவு பண்ணிட்டாங்க!”

சபாபதிக்குப் புரையேறியது.

“நீயா? மேல காத்து பலமா அடிக்குமேம்மா...”

“முருகன் பாத்துக்குவான்னு நீங்கதானே ஊர்பூரா சொல்லிட்டு வரீங்க?”

“பாத்துக்குவான். அதுக்காக...”

அவர் மனைவி வீரம்மா தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். “நம்ம பிள்ளைக்குக் கிடைச்ச பாக்கியங்க. வேணாங்காதீங்க.”

சபாபதி பாதிச் சாப்பாட்டில் எழுந்து டெலிபோனுக்குப் போனார். குரலைத் தணித்துத்தான் பேசினார். ஆனாலும் கேட்டது.

“மிஸ்டர் சண்முகரத்தினம்... யோசிச்சுப் பாத்தேன். கம்பெனிக்காரன் சும்மாவா சொல்லுவான்? எறக்கையைத் திறந்துடுங்க. நாளைக்கே. செராஸ்காரனை வரவேணாம்னு நான் சொல்லிக்கிறேன்.”

ஜெயராஜ் வீரம்மாவிடம் இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கிக்கொண்டான்.

மறுநாள் மாலை கோயில் கூட்டம். சபாபதி மைக்கைப் பிடித்தார்.

“பூ தூவுறது தள்ளிப் போச்சு. மனுசன் உசிரோட நான் விளையாட மாட்டேன். பாவம், நம்ம ஜெயராஜுக்குக் கைக்குழந்தை இருக்கு. இன்ஜினியர்ங்க கையெழுத்துப் போடத் தயாராத்தான் இருந்தாங்க. நான்தான் கூடவே கூடாதுன்னுட்டேன்!”

கூட்டம் கைதட்டியது. கடைசி வரிசையிலிருந்த சண்முகரத்தினம் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார்.

பக்கத்திலிருந்த ஜெயராஜுக்குப் பொறுக்கவில்லை. “அண்ணே, முழுப் பொய்! எந்திரிச்சு உண்மையைச் சொல்லுங்கண்ணே.”

“எந்த உண்மையை? பறக்கலாம்னு நீ சொன்னதையா? இல்ல, மாதர் குழுத் தலைவியா இருக்கிற என் மனுசிகிட்டச் சொல்லி அவர் மகள் பேரைப் போட வச்சது நான்தான்கிறதையா? பேசாம கை தட்டு, தம்பி.”