கோட்டுக்குள் துவக்கு

மெல்பேர்னின் ஆடிக் குளிர் குசினி யன்னலில் வெள்ளையாய்ப் படிந்திருக்கிறது. வங்கிப் பணப்பெட்டியோடு தெருவில் நடக்கும் வேலை இன்றிலிருந்து குலசிங்கத்துக்கு. வங்கி கொடுத்த கைத்துவக்கைத் தோட்டா கழற்றி இடுப்பில் செருகுகிறான். கதிரையில் இருந்தால் வயிற்றைக் குத்துகிறது. கணுக்காலில் கட்டினால் உறுத்தவில்லை, ஆனால் குனிய வேண்டும். கடைசியாய்க் கைக்கடியில், கமக்கட்டில் மாட்டிக் கோட்டைப் போடுகிறான். ஒவ்வொரு முறையும் மனைவி தவமலர் கள்வனைப் போல் அகப்பையை நீட்டி, "ஒண்டு, ரெண்டு" என்கிறாள். அதற்குள் அவன் கைக்குத் துவக்கு வருவதில்லை. "மூண்டு தரமும் செத்துப்போனியள்." அவள் சிரிக்கவில்லை. "வேற வேலை பாப்பமே?"

"ஆர் தரப்போறான்?" தோட்டாக்களைப் போட்டு, துவக்கைத் திரும்பக் கமக்கட்டில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வருகிறான். "போட்டு வாறன்."

அவள் ஓடிவந்து, வெளியே குளிருமென்று, அவன் கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாய்க் கழுத்துவரை பூட்டிவிடுகிறாள்.