அரைக் கிலோ சாளை

இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்தும் கை மணத்தது. மீன்காரி கை.

அதைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு மலை ஏறினாள்.

"ஒருநாள் நம்ம தோட்டத்துக்கு வாங்க வியாகுலம்" என்று நீலகண்டன் சார் கூப்பிட்டு ஒரு மாதம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த கையோடு வந்துவிட்டாள்.

ஒரு காலத்தில் வெறும் பாறைச் சரிவு. இன்று அயனியும் பலாவும் புன்னையுமாக அடர்ந்து கிடந்தது. இலைகளுக்கு நடுவே, வெகு கீழே, கடல். கடை உரம் ஒரு பிடி போட்டதில்லையாம்.

சார் ஒவ்வொரு மரமாகக் காட்டிக்கொண்டு வந்தார். அவள் பாதிதான் கேட்டாள். கண் அடுக்களையைத் தேடியது.

மூன்று வருஷமாகத் தினமும் அவளிடம் அரைக் கிலோ சாளை வாங்குகிறவர். நல்லதாகப் பொறுக்கி, செதிள் உரசி, குடலைக் காக்கைக்கு எறிந்து, ஆய்ந்துதான் கொடுப்பாள். குழம்புக்குப் பக்குவமும் சொல்லி அனுப்புவாள். அவர் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொள்வார்.

மறுநாள், "எப்படி இருந்துச்சு?" என்பாள்.

"அருமை."

அந்த ஒரு சொல்லுக்காகவே விடியலில் கூடையின் அடியில் அவருக்கென்று ஒதுக்கி வைப்பாள். பெண்டாட்டி போன மனுஷன், நாலு வாய் ருசியாகத் தின்னட்டும். அவளுக்கும் வீட்டில் ஆளில்லை.

அடுக்களையில் கஞ்சிப் பானை இருந்தது. அவித்த பயறு இருந்தது.

மீன்சட்டி இல்லை.

பின்பக்கம் நீலப் பீப்பாய் ஒன்று. சார் மூடியைத் திறந்தார். அவள் மூக்கைப் பொத்தப் போனாள். பழுத்த பலாச்சுளை மணம் வந்தது.

"சாளையும் கருப்பட்டியும். நாப்பது நாள் ஊறணும். மரத்துக்கெல்லாம் இதுதான் சாப்பாடு."

"அப்போ நீங்க?"

"நான் மீன் தின்னதில்ல வியாகுலம்." அவர் தரையைப் பார்த்தார். "பொறந்ததுலேருந்து."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். இந்தப் பாவி மனுஷன் மூன்று வருஷத்துச் சாளையைப் பீப்பாயில் மறைத்திருக்கிறார்.

மரத்துக்குத்தானா? விறுவிறுவென்று இறங்கத் தொடங்கினாள்.

நாலு எட்டு வைத்தவள் நின்றாள். மீன்காரிக்குத் தெரியாதா மீன் கணக்கு.

"இதுக்குக் கொடலும் தலையும் போதும்லா சார். கடப்புறத்துல சும்மாவே குமிஞ்சு கெடக்குமே."

"கெடக்கும்" என்றார்.

சின்ன மூடிதான். அதைத் திருகி மூட அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.

திங்கட்கிழமை காலை வழக்கம்போல வந்து நின்றார். கூடையின் அடியிலிருந்து எடுத்தாள். பத்தே மீன்.

"இன்னைக்குப் பச்சை மாங்கா போடுங்க. தேங்கா கொஞ்சம் கூட அரைக்கணும்."

"சரி."

கையைத் தலைப்புக்குள் மறைக்கவில்லை.

அன்று அரைக் கிலோ சாளையை ஆய்ந்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.